ஸ்டூல் மேல வெச்சுட்டுப் போ

வாங்க, வாங்க. நீங்கதான வூடு பாக்க வர்றேன்னு போன் பண்ணுனது? வெளிய கேட் தாழ்ப்பாளத் தொட்டீங்களா? அப்ப கைய நீட்டுங்க, ரெண்டு சொட்டு சானிடைசர் ஊத்தறேன். கோவிச்சுக்காதீங்க. மாஸ்க்கையும் கொஞ்சம் மூக்குக்கு மேல ஏத்திக்கங்க. ஆமாங்க, கொறஞ்சுருச்சுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. பொங்கலுக்குக் கடைவீதியில நிக்க எடமில்லையாமா. கொறஞ்சுருச்சுன்னு அது வந்து யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போச்சுங்களா?

ஓனரு திருப்பூர்ல இருக்காரு. சாவி எங்கிட்ட. என்ற பேரு வசந்தாமணி, ரெண்டாவது மாடி. இந்தாங்க சாவி, துடைச்சுத்தான் வெச்சிருக்கேன். நீங்களே தொறந்து பாருங்க, நான் வாசல்லயே நின்னுக்கறேன். உள்ள வரமாட்டேன். பூட்டிக் கெடந்த வூட்டுல காத்தோட்டம் இருக்காதில்லீங்களா.

அது ஹாலு. அக்கட்ட சமையக்கட்டு. நல்ல தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். ஜன்னலத் தொறங்க, நல்லாத் தொறங்க.

எது? கதவுலயா? அதச் சொரண்டாதீங்க அம்மிணி. அது பசைதான். கார்ப்பரேசன்காரங்க நோட்டீஸ் ஒட்டுன பசை. பயப்படாதீங்க, இந்த வூட்டுல யாருக்கும் கொரோனா வரல. வரவே இல்ல. ஒட்டுனாங்க, அவ்வளவுதான். அது ஒரு கதை.

சொல்றனே. ஓனரு சொல்லமாட்டாரு. நான் மறைச்சுப் பேசற ஆளில்ல.

இங்க கலாராணின்னு ஒருத்தி இருந்தா. நாப்பது வயசு இருக்கும். பொம்பளைகளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் குடுக்கறவ. வெள்ளக் காரு ஒண்ணு, முன்னாலயும் பின்னாலயும் சேப்புல எல் போர்டு, இந்த வேப்பமரத்தடியிலதான் நிக்கும். புருசன் இல்ல. இருக்காரு, கூட இல்ல. அது நமக்கெதுக்கு. வாய் மட்டும் ஓயாது. நாளெல்லாம் "கிளட்ச்ச உடு, பிரேக்க மிதி"ன்னு கத்திக் கத்திப் பழகுனவளாச்சே, படியேறும்போதே பேசிட்டுத்தான் ஏறுவா.

எங்க வூட்டுக்காரரப் பத்திச் சொன்னாத்தான் உங்களுக்கு இது புரியும். மோட்டார் பம்பு கம்பெனில போர்மேனா இருந்தவரு, சென்னியப்பன்னு பேரு. இருக்காரு, மேல இருக்காரு, நல்லா இருக்காரு. அவுருக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. டயாலிசிஸ்ல கெடந்து நாராப் போனாரு. அண்ணன் தம்பிக மூணு பேரு. டெஸ்ட்டுக்கு வாங்கன்னு ஆஸ்பத்திரில கூப்பிட்டதோட சரி, ஒருத்தனும் போன எடுக்கல. நாந்தான் குடுத்தேன். இந்தா, இடுப்புல இந்தப் பக்கம். டெஸ்ட் பண்ணிப் பாத்தா அப்பிடிப் பொருந்துது! ஜாதகத்துல கூட எங்களுக்கு அத்தன பொருத்தம் கெடையாது.

அதனால அவுரு ஒடம்புல இருக்கறது என்ற பொருளுங்க. அவுரு ராத்திரி பொரண்டு படுத்தாக்கூட எனக்கு இங்க சுருக்குங்கும். வெளியாளு கிட்னிய ஒடம்பு அடிச்சுத் தொரத்திரக் கூடாதுன்னு தெனமும் மாத்திர. அந்த மாத்திர என்ன பண்ணும்னா, ஒடம்போட எதிர்ப்பு சக்திய அமுக்கி வெச்சிரும். கதவத் தொறந்து போட்ட வூடுன்னு வெச்சுக்கங்களேன். எந்தச் சீக்கு வேணும்னாலும் நேரா உள்ள வந்து உக்காந்துக்கும்.

அப்பிடிப்பட்ட மனுசன வெச்சுக்கிட்டு இருக்கையில கொரோனா வந்துச்சு. டாக்டரு போன்ல சொன்னாரு, "சார வெளிய உட்றாதீங்கம்மா, அவருக்கு வந்தா ரொம்பக் கஷ்டம்." டாக்டரு கஷ்டம்னு சொன்னா என்ன அர்த்தம்னு தெரியாதுங்களா? அன்னைக்குப் புடிச்ச நடுக்கம் எனக்கு. பையன் ஜெர்மனில, பிளேன் ஓடல. யாருக்குப் போன் பண்ணுனாலும் முதல்ல ஒரு இருமல் சத்தம் வருமே, நாவகம் இருக்குதா? அந்த இருமல் ரெக்கார்டுன்னு தெரிஞ்சும் போன காதுல இருந்து தள்ளிப் புடிப்பேன். சாப்பிட்டா எறங்காது. அவுரு தும்முனா என்ற உசுரு போயி வரும். அவுரு என்னடான்னா டி.வி.ல செத்தவங்க கணக்கப் பாத்துட்டு உக்காந்திருப்பாரு. டி.வி.யப் புடுங்கி உட்டேன். டச் போனையும் புடுங்கி பீரோல வெச்சுப் பூட்டிட்டேன், பேசறதுக்கு என்ற பட்டன் போனு மட்டுந்தான். பயந்தா பிரஷர் ஏறும், பிரஷர் ஏறுனா கிட்னிக்கு ஆகாது. பயப்படறதுக்குத்தான் நான் ஒருத்தி இருக்கேனில்ல, போதாதுங்களா?

எல்லாஞ் சரி, சோத்துக்குச் சாமான் வேணுமே. நான் கடைக்குப் போயி வாங்கிட்டு வந்து அவுருக்கு ஒட்டிருச்சுன்னா? அப்பத்தான் கலாராணி மேல வந்தா. கிளாசெல்லாம் நின்னு போச்சு, காரு சும்மா நிக்குது. படியிலயே நின்னுக்கிட்டு, "அக்கா, நீங்க எறங்காதீங்க. மூணாவது மாடில கேன்சருக்கு மருந்து ஏத்திக்கற அம்மாவுக்கும் நாந்தான் வாங்கியாறேன். உங்களுக்கும் சேத்து வாங்கிட்டு வந்துடறேன்"னா. கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. சாமி மாதிரி தெரிஞ்சா. ஆனா ஒண்ணு, ஊரெல்லாம் சுத்திட்டு வர்றவ அவ. கடைல நாலு பேரு மூச்சு அவ மேல படும். அந்த மூச்சோட எங்க வாசலுக்கு வருவா. அத யோசிக்கோணுமில்லீங்களா?

அதனால நான் ஒரு மொறை வெச்சேன். வாசல்ல ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலு. பையக் கொண்டாந்து அதுல வெக்கோணும், பெல்ல அடிக்கோணும், எறங்கிப் போயிரோணும். பேசக் கூடாது. பேசுனாத்தான எச்சி தெறிக்கும்? கதவுல இருக்கற லென்சுல நான் பாத்துக்கிட்டே இருப்பேன். அவ வாயத் தொறக்கறதப் பாத்தாலே உள்ள இருந்து கத்துவேன், "பேசாத கலா! ஸ்டூல் மேல வெச்சுட்டுப் போ!" பாவம், வாய மூடிக்கிட்டு எறங்கிப் போயிருவா. அவளுக்கு அது எத்தன கஷ்டமா இருந்திருக்கும்னு நெனச்சா இப்பச் சிரிப்பு வருது.

அவ போனதும் உடனே எடுக்கமாட்டேன். சாயங்காலம் பொழுதோட வரைக்கும் அங்கயே கெடக்கும். அப்பறம் கையொற போட்டுக்கிட்டு, கத்திரிக்கோல வெச்சு, பாக்கெட்டு ஒவ்வொண்ணையும் வாசல்லயே வெட்டி போசிப் பாத்திரத்துல கொட்டிக்குவேன். பருப்பு, ரவ, சக்கர, உப்பு, எல்லாம். கவரு வூட்டுக்குள்ள காலெடுத்து வெக்கக் கூடாது, அதான் கணக்கு. கவர நேரா பிளீச்சிங் தண்ணி வாளில போட்டு அமுக்கிருவேன். மேல என்ன படம் போட்டிருக்குதுன்னுகூடப் பாக்கமாட்டேன். பாக்கறதுக்கு மூஞ்சிக்குப் பக்கத்துல கொண்டாரோணுமில்ல? தக்காளிக்கு மஞ்சத்தண்ணி, கீரைக்கு உப்புத்தண்ணி, பால் பாக்கெட்டுக்கு சோப்புத்தண்ணி. கையெல்லாம் வெந்து தோலு உரிஞ்சு போச்சு. பாருங்க, இன்னும் தழும்பு இருக்குது.

சமையல்லயும் நான் அப்பிடித்தான். கிட்னிக்காரங்களுக்கு பொட்டாசியம் ஆகாதுங்க, தெரியுமா? காய நறுக்கி ஊற வெச்சு, வேக வெச்சு, அந்தத் தண்ணிய வடிச்சு ஊத்திப்போட்டு, அப்பறந்தான் தாளிப்பேன். வாழப்பழம், எளநி ரெண்டும் எங்க வூட்டுப் பக்கமே வராது. ஆபரேசனுக்கு அப்பறம் அத்தன வேண்டாம்மான்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. இருந்தாலும் நான் உடல. பொட்டாசியம் பத்திக் கேளுங்க, நான் ஒரு கிளாசே எடுப்பேன்.

இப்பிடி ஓடிட்டு இருக்கையில ஒருநாளு, முழு லாக்டவுனுன்னு சொல்லி ஊரே கடைக்கு ஓடுச்சே, அந்தச் சமயம், கலாராணி பையக் கொண்டாந்து வெச்சா. வெச்சவ போகாம நின்னா. லென்சுல பாக்கறேன். பையில இருந்து ஒரு பாக்கெட்ட எடுத்து லென்சுக்கு நேரா புடிக்கறா. அத வெரல்ல தட்டித் தட்டிக் காட்டறா. மாஸ்க்க வேற கீழ எறக்கிட்டா! "அக்கா, இந்த உப்பு, டாக்டர்கிட்ட ஒருவாட்டி" அப்பிடின்னு ஆரம்பிக்கறா. மாஸ்க் இல்லாம, என்ற கதவு மேலயே பேசறா! நான் போட்ட சத்தத்துல எதுத்த வூட்டுக் கதவு தொறந்துருச்சு. "பேசாத! வெச்சுட்டுப் போ!" மறுபடியும் வாயத் தொறந்தா. நான் லென்சு மூடிய இழுத்து உட்டுட்டேன். அவ போற செருப்புச் சத்தம் கேட்டப்பறந்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. அன்னைக்கு ரெண்டுவாட்டி போனும் பண்ணுனா. கையெல்லாம் சோப்பு, எப்பிடி எடுக்கறது? சாமான் வந்து சேந்துருச்சான்னு கேப்பாளா இருக்கும், எல்லாந்தான் வந்துருச்சேன்னு உட்டுட்டேன்.

பொழுதோட எல்லாத்தையும் வெட்டிக் கொட்டிக்கிட்டேன். கவரெல்லாம் வாளிக்குப் போச்சு.

அதுக்கப்பறம் நாலஞ்சு நாளு இருக்கும். எங்க வூட்டுக்காரரு சாப்பிட உக்காந்தவரு ஒரு வாய் வெச்சுட்டு, "என்ன வசந்தா, ரசம் ஒரு மாதிரி கசக்குது"ன்னாரு.

நாக்குல ருசி மாறிப் போறதுதான மொத அறிகுறின்னு நூறுவாட்டி சொல்லியிருக்காங்க? நான் மூஞ்சில ஒண்ணுங் காட்டிக்கல. "மொளகு ஜாஸ்தியாயிருக்கும்"னு சொல்லிட்டு உள்ள போயி, நானும் ஒரு கரண்டி குடிச்சுப் பாத்தேன். அம்மிணி, எனக்கும் கசந்துச்சு. அடி நாக்குல இரும்பு நக்குன மாதிரி ஒரு கசப்பு. பருப்ப எடுத்து வாயில வெச்சேன், கசப்பு. கீரை, கசப்பு. அடுப்பு மேடையப் புடிச்சுட்டு அப்பிடியே கீழ உக்காந்துட்டேன். வந்துருச்சு. ரெண்டு பேருக்கும் வந்துருச்சு. எனக்கு வந்தாப் பரவால்ல, நான் ஒத்தக் கிட்னியோட எப்பிடியோ தப்பிச்சுக்குவேன். அவுரு?

நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே, சொல்லு கண்ணு. டாக்டருக்குப் போன் பண்ணுங்கிறே. பண்ணுனா என்ன சொல்வாங்க? கூட்டிட்டு வாங்கம்பாங்க. கூட்டிட்டுப் போனா அந்த வார்டுல போடுவாங்க. கூட யாரும் இருக்கக் கூடாது. செத்தா பிளாஸ்டிக்ல சுத்தி அவிகளே கொண்டு போயிருவாங்க, மூஞ்சியக்கூடக் காட்டமாட்டாங்க. எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரி பெட்டுல கூட என்ற கையப் புடிச்சுட்டுத்தான் தூங்குவாரு. அவரத் தனியா அனுப்பறதுக்கா நான் ஒடம்ப அறுத்துக் குடுத்தேன்? அதனால ஒருத்தர்கிட்டயும் சொல்லல. கசாயம் வெச்சேன். ஆவி புடிக்க வெச்சேன். சோறு சப்புனு இருக்குது, உப்பே ஏறலன்னாரு. சாப்பிடாம உட்டா தெம்பு போயிருமேன்னு இன்னுங் கொஞ்சம் உப்புப் போட்டுக் குடுத்தேன். அப்பவும் ஏறல. இன்னுங் கொஞ்சம் போட்டேன்.

யாரு கொண்டாந்து உட்டதுன்னு எனக்குத் தெரியும். மாஸ்க்க எறக்கிட்டு எங்க கதவுல பேசுனவ அவதான? வேற யாரு மூச்சும் எங்க வாசலுக்கு வரல. அபார்ட்மெண்ட் செகரட்டரிக்குப் போன் போட்டேன். "கீழ் வூட்டுல இருக்கற புள்ளைக்கு சீக்கு இருக்கற மாதிரி தெரியுது, ஒருவாட்டி பாக்கச் சொல்லுங்க"ன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். பாக்கச் சொல்லுங்கன்னேன். அது தப்பா? மூணாவது மாடி அம்மாவுக்கும் அவதான வாங்கிக் குடுத்துட்டு இருந்தா? எல்லார் நல்லதுக்குந்தான்.

செகரட்டரி கார்ப்பரேசனுக்கே போன் போட்டுட்டாப்ல. வெள்ள டிரெஸ் மாட்டிக்கிட்டு நாலு பேரு வந்தாங்க. அவ மூக்குல குச்சிய உட்டு எடுத்தாங்க. இந்தா, இந்தக் கதவுல நோட்டீஸ ஒட்டுனாங்க. வாசலுக்குக் குறுக்க தகரம் வெச்சு அடிச்சாங்க. பால்கனில நின்னு பாத்தேன். அவ அண்ணாந்து என்னையத்தான் பாத்தா. "அக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன்"னு கத்துனா. நான் உள்ள வந்துட்டேன். எறங்கி வந்து பேசற நெலமையிலயா நான் இருந்தேன்?

அன்னைக்கு மத்தியானமே அவுருக்குக் கால் நிக்கல. பாத்ரூம் போயிட்டு வந்தவரு செவுத்தப் புடிச்சாரு. "வசந்தா, காலு என்னோடது மாதிரியே இல்ல"ன்னாரு. உக்கார வெச்சேன். ஒரு கிளாசு தண்ணியத் தூக்க முடியல அவுரால. கையப் புடிச்சு நாடியப் பாக்கறேன். ஒண்ணு அடிக்குது. நான் காத்துக்கிட்டு இருக்கேன். அடுத்தது வரல. வரவே இல்ல. அப்பறம் மெதுவா ஒண்ணு. ஐயோ, அந்த எடவெளி இருக்குதே கண்ணு, அத எப்பிடிச் சொல்றது. என்ற கிட்னி அங்க உள்ள இருக்குது, அவுரு போயிட்டிருக்காரு.

நூத்தியெட்டுக்குப் போன் போட்டேன். இருமல் சத்தம் வந்துச்சு, அப்பறம் காத்திருங்க காத்திருங்கன்னு ஒரே பாட்டு. எதுத்த வூட்டுக் கதவத் தட்டுனேன். உள்ள ஆளிருக்குது, மூச்சுக் காட்டல. மூணாவது மாடிக்கு ஓடுனேன், தொறக்கல. கொரோனான்னு நெனச்சுட்டாங்க. மனுசங்களா இவிக? ஒருத்தன் உசுருக்குப் போராடறப்ப கதவச் சாத்திக்கறதா?

பால்கனிக்கு வந்து "யாராவது வாங்களே"ன்னு கத்துனேன். கீழ தகரம் தடதடன்னுச்சு. கலாராணி அத ஒதச்சுச் சாச்சுட்டு வெளிய வந்தா. மேல ஓடி வந்தா. அவள உள்ள உடலாமா வேண்டாமான்னு ஒரு நிமிசம் நான் கதவப் புடிச்சுட்டு நின்னேன், பொய் சொல்லமாட்டேன். என்னையத் தள்ளிட்டுப் போயி அவரத் தூக்குனா. நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு எறக்கிக் காருல போட்டோம். ஜன்னலெல்லாம் எறக்கச் சொன்னேன். எறக்குனா. கேட்டத் தாண்டறதுக்குள்ள திரும்பி, "அக்கா, அந்த உப்ப நீங்க"ன்னு ஆரம்பிச்சா.

"காருக்குள்ள பேசாத கலா, உன்னையக் கும்புட்டுக் கேக்கறேன், பேசாத"ன்னேன்.

மூடிக்கிட்டா. வழில போலீஸ்காரரு மறிச்சாரு. எல் போர்டப் பாத்துட்டு, "லாக்டவுன்லயும் டிரைவிங் கிளாசா?"ன்னாரு. அவ ஒரு வார்த்தையும் பேசாம பின் சீட்டக் கையக் காட்டுனா. எங்க வூட்டுக்காரரு தல என்ற மடில தொங்கிட்டுக் கெடந்துச்சு. போலீஸ்காரரு வெருசா ஓடித் தடுப்புக் கம்பிய நகத்தி உட்டாரு. அப்பறம் அவ ஓட்டுன ஓட்டு இருக்குதே, இவளா பொம்பளைகளுக்குப் பொறுமையா ஓட்டோணும்னு சொல்லிக் குடுக்கறவன்னு தோணுச்சு.

ஆஸ்பத்திரில அவரச் சக்கரக் கட்டில்ல உள்ள தள்ளிட்டுப் போனாங்க. என்னைய மட்டும் கண்ணாடிக் கதவு வரைக்கும் உட்டாங்க. ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, மூஞ்சியெல்லாம் மூடியிருக்குது, காகிதத்தப் பாத்துட்டு ஓடி வந்து கேட்டாங்க. "இதயத் துடிப்பு ரொம்ப மோசமா இருக்கு, பொட்டாசியம் ஏறியிருக்கற மாதிரி தெரியுது. என்னம்மா குடுத்தீங்க?" எனக்கு வந்துச்சு பாரு கோவம். "பொட்டாசியமா? எங்க வூட்டுலயா? தண்ணி வடிக்காத காய் அவுரு நாக்குல பட்டு வருசமாச்சு. எளநி உண்டா, வாழப்பழம் உண்டா? எனக்கேவா சொல்றீங்க? அவுருக்கு வந்திருக்கறது கொரோனா. ருசி போச்சு. எனக்கும் போச்சு. அதப் பாருங்க மொதல்ல"ன்னேன். அந்தம்மா முழிச்சாங்க. "ருசி போச்சா?" "போச்சு. எதத் தின்னாலும் கசக்குது. ரெண்டு பேருக்கும்."

அப்பத்தான் டம்முன்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா கலாராணி. செக்யூரிட்டி கையத் தட்டி உட்டுட்டு வந்து, அந்தக் கண்ணாடி மேல தன்ற போன அமுக்கிப் புடிச்சிருக்கா. அதுல ஒரு உப்பு பாக்கெட்டு போட்டோ. கத்தறா. "உப்பு டாக்டர்! சாதா உப்பு கெடைக்கல! பிரஷர்காரங்களுக்கு நல்லதுன்னு கடைல இதக் குடுத்தாங்க! பின்னால படிச்சுப் பாத்தா கிட்னிக்காரங்க டாக்டரக் கேக்காம சாப்பிடக் கூடாதுன்னு போட்டிருக்கு! இதுலதான் பொட்டாசியம் இருக்கு!" செக்யூரிட்டி அவ தோளப் புடிச்சு இழுக்கறான், அவ உடமாட்டேங்கறா. மாஸ்க் ஒரு காதுல தொங்குது. டாக்டரம்மா கண்ணாடிகிட்டப் போயி குனிஞ்சு அந்தப் போட்டோவப் படிச்சாங்க. படிச்சுட்டு உள்ள ஓடுனாங்க.

ஊசி போட்டாங்க. பாட்டில் பாட்டிலா என்னமோ ஏத்துனாங்க. நான் அந்தக் கதவுகிட்டயே தரையில கெடந்தேன். எத்தன நேரம்னு கேக்காத, தெரியாது. பொழுது உழுந்து எல்லா லைட்டும் எரிஞ்சப்பறம் வந்து சொன்னாங்க, தப்பிச்சுட்டாருன்னு. கொரோனாவே இல்லையாமா. அவுருக்கும் இல்ல, எனக்கும் இல்ல. அந்த உப்போட ருசியே கசப்புத்தானாமா. "இன்னும் ஒருவேள சோறு அந்த உப்புல தின்னிருந்தா இதயம் நின்னிருக்கும்மா"ன்னாங்க. அந்த உப்ப யாரு கரண்டில அள்ளிப் போட்டாங்கன்னு அந்தம்மா கேக்கல. நல்லவங்க.

கிட்னிக்கு ஒண்ணும் ஆகலையான்னுதான் நான் மொதல்ல கேட்டேன். ஒண்ணும் ஆகல.

சொல்லு கண்ணு, இதுல என்ற தப்பு என்ன இருக்குது? சொல்றவ ஒழுங்காச் சொல்லோணுமில்ல? உப்பு சரியில்லைன்னு தெரியுது, அப்பறம் எதுக்கு வாங்கறா? கடைல வேற உப்பே இல்ல, கேட்டுட்டுப் போடட்டும்னு வாங்குனேங்கறா. சரி, வாங்குனே. கதவத் தட்டி, நாலு சத்தம் போட்டாவது சொல்லியிருக்கோணும். பேசாதன்னா பேசாமயே போயிர்றதா? நாளெல்லாம் கத்தறவதான அவ? எங்க வூட்டுக்காரரு வூட்டுக்கு வந்தப்பறம் கொஞ்ச நாளு எங்கூடப் பேசல. ஒருநாளு, "அந்தப் புள்ளைய ஒரு வார்த்த பேச உட்டிருந்தா என்ன?"ன்னாரு. சீக்காளி கோவம். நான் கண்டுக்கல.

அவளுக்கும் ஒண்ணும் இல்லைன்னு ரிசல்ட் வந்துச்சு. நோட்டீசக் கிழிச்சாங்க, தகரத்தக் கழட்டுனாங்க. ஆனா கார் கத்துக்க வந்த பொம்பளைக ஒருத்தரும் திரும்ப வரல. கார்ப்பரேசன்காரங்க வந்த வூடுன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. மூணாவது மாடி அம்மா சாமான் வேண்டாம்னுட்டாங்க. ஓனருக்கு யாரோ போன் போட்டு, தகரத்த ஒடச்சுட்டு வெளிய வந்தான்னு சொல்லிட்டாங்க. நானில்ல. அவுரு காலி பண்ணச் சொல்லிட்டாரு. நான் போகச் சொல்லல. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஓனர்கிட்டப் பேசியிருப்பேன். அவதான் எங்கிட்ட ஒண்ணுஞ் சொல்லலையே.

போற அன்னைக்குக் காலைல பெல் அடிச்சுச்சு. லென்சுல பாத்தேன். கலாராணி. ஸ்டூல் மேல ஒரு பொட்டணத்த வெச்சா. வெச்சுட்டு நின்னா. மாஸ்க்க ஒழுங்காப் போட்டிருந்தா. எதாவது சொல்வான்னு நான் கதவுலயே காத வெச்சுட்டு நிக்கறேன். "பேசாத"ன்னு சொல்லல நான், அன்னைக்குச் சொல்லல. அவ லென்சையே பாத்தா. ஒண்ணும் பேசல. எறங்கிப் போயிட்டா. கீழ காரு கெளம்புன சத்தங் கேட்டுச்சு.

பிரிச்சுப் பாத்தா கல்லுப்பு. சாதா கல்லுப்பு ஒரு கிலோ.

குத்திக் காட்டறாளோன்னு ஒரு நெனப்பு. இல்ல, மெய்யாலுமே எனக்கு உப்பு இல்லையேன்னு வாங்கியாந்தாளோன்னு இன்னொரு நெனப்பு. உப்பக் கையில வாங்குனா சண்ட வரும்பாங்க, எங்க ஊருல கீழ வெச்சுத்தான் எடுப்போம். நாங்க ஒருநாளும் கையில வாங்குனதில்ல. ஸ்டூல்ல வெச்சுத்தான் வாங்குனோம். இருந்தும் பாரு. அந்த உப்ப நான் ஒலையில போடல. கொட்டவும் மனசு வரல. அப்பிடியே அலமாரில இருக்குது.

இப்பச் சாமானெல்லாம் நானேதான் வாங்கறேன். ரெண்டு மாஸ்க் போட்டுக்கிட்டு, கடைக்காரன் சிரிக்கச் சிரிக்க பாக்கெட்டுல முன்னாலயும் பின்னாலயும் படிச்சுத்தான் எடுப்பேன். ஆனா ஒவ்வொருவாட்டி போயிட்டு வர்றப்பவும் கொண்டாந்துட்டனோ, கொண்டாந்துட்டனோன்னு அடிச்சுக்கும். அவுரு தூங்குனப்பறம் நாடியத் தொட்டுப் பாப்பேன். ஒண்ணு அடிச்சு அடுத்தது அடிக்கறதுக்குள்ள நான் செத்துப் பொழைப்பேன். அந்தப் பயம் போகல கண்ணு. கீழ வூடு இருட்டாக் கெடக்கறதப் பாத்தா இன்னும் ஜாஸ்தியாகுது. ஆத்தர அவசரத்துக்குக் கத்துனா ஓடியாறதுக்கு ஆளில்ல பாரு.

அதான், நீ வந்துட்டீன்னா எனக்கு ஒரு தெம்பு. உன்ற மூஞ்சியப் பாத்தா நல்ல புள்ளையாத் தெரியுது. இத்தன நேரம் நின்னு கேட்டியே, இந்தக் காலத்துல யாரு கேக்கறா? கடைக்குப் போறப்ப எங்களுக்கும் ரெண்டு சாமான் சேத்து வாங்கிக் குடுத்தீன்னாப் போதும். ஸ்டூலு இன்னும் அங்கயேதான் கெடக்குது. வாடகையக் கூட நான் ஓனர்கிட்டப் பேசிக் கொறைச்சுத் தர்றேன்.

ஆமா, பேசிட்டே கேக்க மறந்துட்டேன். நீ எங்க வேல பாக்கறே கண்ணு?

ஆஸ்பத்திரிலயா?

நர்சா? எந்த வார்டு? அந்த வார்டுங்களா?

ஓ.

இல்ல, இல்ல, நல்ல வேலதாங்க. புண்ணியம். உங்கள மாதிரி ஆளுக இல்லைன்னா எங்க வூட்டுக்காரரு இன்னைக்கு இருக்காரா? நான் ஒண்ணும் சொல்லலீங்க. கொஞ்சம் அந்த ஜன்னலோரமா தள்ளி நின்னுக்கங்க, அவ்வளவுதான். இன்னொண்ணு, இப்பத்தான் நாவகம் வருது, ஓனரு இந்த வூட்ட வேற யாருக்கோ பேசி முடிச்ச மாதிரி சொன்னாருங்க. நான் கேட்டுட்டுச் சொல்றேன்.

சாவிங்களா? கையில குடுக்க வேண்டாங்க. அங்க, அந்தப் படி மேல வெச்சுருங்க, நான் அப்பறமா எடுத்துக்கறேன். என்னங்க? இல்லீங்க, மாஸ்க்க எறக்காதீங்க. பேசாதீங்க. எதுவா இருந்தாலும் போன்ல சொல்லிக்கலாம். வெச்சுட்டுப் போங்க.